சாவி கொடுக்கும் முன் லைசென்ஸைப் பாருங்கள்

கீழ்பென்னாத்தூரில் வண்டிகளுக்கு இன்சூரன்ஸ் போட்டுக் கொடுப்பது என் தொழில். பௌர்ணமி நெருங்கினால் போனில் இந்தக் கேள்வி வந்துவிடும்: "அக்கா, மச்சான் கிரிவலத்துக்கு என் கார எடுத்துட்டுப் போறாரு. பாலிசி என் பேர்ல இருக்கு. ஏதாவது ஆச்சுன்னா பணம் வருமா?"

வரும். நம் நாட்டில் பாலிசி வண்டியோடு போகிறது. பிரிட்டனில் பொதுவாக ஓட்டுபவர் பெயரையும் பாலிசியில் சேர்க்க வேண்டும், இங்கே வேண்டியதில்லை. அந்த வகை வண்டிக்கான நடப்பு லைசென்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் செல்லும். ஆனால் மச்சான் செஞ்சி ரோட்டில் இடித்தாலும் கிளைம் உங்கள் பாலிசியில்தான் விழும், நோ கிளைம் போனஸை இழப்பதும் நீங்கள்தான்.

லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியிருந்தால் உங்கள் வண்டிச் சேதத்துக்குப் பணம் எதிர்பார்க்க முடியாது. அடிபட்ட வழிப்போக்கருக்குக் கம்பெனி முதலில் நஷ்டஈடு கொடுத்துவிட்டு, அதை உங்களிடம் வசூலிக்க வரும். நிலத்தை விற்கும் நிலை அங்கேதான் வருகிறது. 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு பாதுகாப்பு கொடுத்தது: ஓட்டியவரிடம் லைசென்ஸ் இல்லை என்பது மட்டும் போதாது, உரிமையாளர் அசட்டையாக இருந்தார் என்பதையும் கம்பெனி நிரூபிக்க வேண்டும். அதனால்தான் லைசென்ஸைக் கையில் வாங்கிப் பார்த்து, போனில் படம் எடுத்து வையுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். சொந்தக்காரர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். பதினெட்டு வயது ஆகாத பிள்ளையிடம் கொடுத்தாலோ 25,000 ரூபாய் அபராதம், மூன்றாண்டு வரை சிறை, ஓராண்டுக்கு ஆர்.சி. ரத்து.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. நண்பனின் பைக்கை வாங்கிப் போன ஒரு தம்பி, தானே சறுக்கி விழுந்து இறந்துபோனான். அவன் அம்மா அந்த நண்பனின் பாலிசித் தாளை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "இன்சூரன்ஸ் இருக்குன்னு சொன்னாங்கம்மா, எவ்வளவு வரும்?" என்றார். தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் வண்டியால் பாதிக்கப்படும் மற்றவர்களுக்கானது. இரவல் வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், மூன்றாம் நபர் ஆகமாட்டார் என்று 2009இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2020இல் வந்த இதே மாதிரி ஒரு வழக்கில், பாலிசியில் உரிமையாளருக்கென இருந்த விபத்துக் காப்பான ஒரு லட்சத்தை மட்டும் கொடுக்கச் சொன்னது. 2018க்குப் பிறகு அந்தக் காப்பு 15 லட்சமாகிவிட்டது; ஆனால் அது உரிமையாளரே ஓட்டும்போது அவருக்காக என்றுதான் பாலிசியில் எழுதியிருக்கிறது. இரவல் ஓட்டியின் குடும்பம் அதை நம்பி உட்கார முடியாது. இதையெல்லாம் அந்த அம்மாவிடம் எந்த வாயால் சொல்வது?

காரில் உடன் போகும் அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தால் பாதுகாப்பு உண்டு. வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியில் ஓன் போர்டு கார் பயணிகளுக்கு அது கிடையாது. கூட்டமாகக் கிளம்பும் முன் பாலிசித் தாளை எடுத்துப் பாருங்கள். ஆக்டிங் டிரைவர் வைப்பவர்கள் டிரைவருக்கான பொறுப்புக் காப்பையும் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்குச் சின்னத் தொகைதான் ஆகும். கார்த்திகை தீபத்துக்கு ஓன் போர்டு காரை வாடகைக்கு விடுவதை மட்டும் செய்யாதீர்கள். பாலிசி வாடகை ஓட்டத்துக்குச் செல்லாது.

பைக் இரவல் வாங்கும் தம்பிகளே, உங்கள் பேரிலேயே ஒரு விபத்துக் காப்பு எடுத்துக்கொள்ளுங்கள். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய்தான். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் வரும். 18 முதல் 70 வயது வரை சேரலாம். உங்கள் கணக்கு உள்ள வங்கியில் ஒரு படிவம் எழுதிக் கொடுத்தால் போதும்.