வெற்றிடக் குழாயும் ஒலியின் தன்மையும்: மட்டக்களப்பை முன்வைத்து ஒரு குறிப்பு

மட்டக்களப்பு வாவியிலிருந்து எழும் இசையொலியை 1848 இற் கேட்ட எமர்சன் ரெனென்ற், தோணியின் மரத்திற் செவியை வைத்தபோது அவ்வொலி பெரிதும் வலுத்ததெனக் குறித்துள்ளார். ஒலியை எம்மிடம் கொண்டுவரும் சாதனம் அவ்வொலியை மாற்றவும் கூடும் என்பதற்கு இஃது எளிய சான்றாகும். வெற்றிடக் குழாய்களை மாற்றிப் பொருத்தி ஒலிக்கருவிகளின் இனிமையைக் கூட்ட முனைவோரின் கூற்றுக்களையும் இவ்வடிப்படையிலேயே நாம் நோக்குதல் வேண்டும்.

மக்கள் வழக்கில் 'வால்வு' எனப்படும் இக்குழாயினுள், சூடாக்கப்பட்ட கதோட்டிலிருந்து இலத்திரன்கள் அனோட்டை நோக்கிப் பாய்கின்றன. 1906 இல் லீ டி பொறெஸ்ற் இவ்விரண்டிற்குமிடையே நெய்யரி என்னும் மூன்றாவது மின்வாயைப் புகுத்தினார். நெய்யரியில் ஏற்படும் சிறு அழுத்த மாற்றம் இலத்திரன் பாய்ச்சலிற் பெருமாற்றத்தை விளைவிக்கின்றது. நலிந்த ஒலிச்சைகை இவ்வாறே விரியலாக்கப்படுகின்றது. எனினும் இவ்விரியலாக்கம் முற்றிலும் நேர்விகிதமானதன்று; மூல ஒலியில் இல்லாத மேற்றொனிகளும் உடன் சேர்கின்றன.

தனித்தியங்கும் மும்மின்வாய்க் குழாய் பெரும்பாலும் இருமடங்கு மீடிறனைச் சேர்க்கின்றது. இசைமரபில் இது மேல் தானத்துக் குரலாகும். ஆதலின் செவியை உறுத்துவதில்லை. இரு குழாய்கள் எதிரெதிராக இயங்கும் அமைப்பில் இது பெருமளவு நீங்க, மும்மடங்கு மீடிறன், அதாவது மேல் தானத்து இளி, முனைப்புப் பெறுகின்றது. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 'யாழ் நூ'லில் (1947) சுரங்களின் உறவை எண்களால் ஆராய்ந்தமை இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது. 'இனிமை' எனப்படுவதும் கணக்கிற்கு உட்பட்டதே.

குழாயை மாற்றும்போது நிகழ்வது யாது? ஈ.சீ.சீ. 83 இன் விரியலாக்கக் காரணி ஏறத்தாழ 100, ஈ.சீ.சீ. 81 இனது ஏறத்தாழ 60. இரண்டும் ஒரே ஒன்பது ஊசித் தாங்கியிற் பொருந்துவன. முன்னதற்கென வகுக்கப்பட்ட சுற்றிற் பின்னதைப் பொருத்தினால் உரப்புக் குறையும். இயங்குநிலை மாறுவதால் மேற்றொனிகளின் அளவும் மாறும். இது மெய்யான மாற்றம். ஆனால் ஒரே இலக்கமுடைய, ஒத்த அளவீடுகள் கொண்ட இரு குழாய்களுக்கிடையே இத்தகைய வேறுபாட்டை எதிர்பார்த்தற்கில்லை. தேய்ந்த கதோட்டுடைய குழாயை அகற்றிப் புதியதைப் பொருத்தியதால் வந்த தெளிவைத் தயாரிப்பாளரின் பெயருக்கு உரித்தாக்குவோர் பலர். அருமையே மதிப்பாகி, பழங்குழாய்கள் பெருவிலைப் பண்டங்களாவதற்கு இம்மயக்கமும் துணைபுரிகின்றது.

இது பொழுதுபோக்காளரின் பிரச்சினை மட்டுமன்று. மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துக்களின் மத்தள ஒலியும் அண்ணாவியாரின் குரலும் பதிந்த பழைய ஒலிநாடாக்களை இலக்கமுறைக்கு மாற்றுவோர், 'இனிமை' கருதிக் குழாய்க் கருவியொன்றினூடாகப் படியெடுப்பாராயின், கருவி சேர்த்த மேற்றொனியைப் பின்னர் மத்தளத்தினின்றும் பிரித்தெடுத்தல் அரிது. திரிபு குறைந்த கருவியாற் படியெடுத்து, மூலநாடாவையும் பேணுவதே முறை. கேட்போர் தாம் விரும்பும் இனிமையைப் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம். வாவியின் ஒலி வேறு, தோணி மரத்தின் அதிர்வு வேறு என்ற தெளிவு, எம் மக்களின் கலைச்செல்வத்தைப் பேணுவோர்க்கு இன்றியமையாதது.