கிராமத்திலிருந்து புற்றுநோய்ச் சிகிச்சை வரை: பாதை எங்கே அறுபடுகிறது?

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு வெளிக்கதிர்வீச்சு வாரத்தில் 5 நாள்கள் வீதம் ஏறத்தாழ 5 வாரங்கள் தரப்படுகிறது. அதனுடன் உள்கதிர்வீச்சும் சேர்ந்து, சிகிச்சை முழுவதும் 8 வாரங்களுக்குள் முடிதல் வேண்டும். நாள்கள் நீள நீள, நோய் கட்டுப்படும் வாய்ப்புக் குறைகிறது. தொலைவில் வாழும் குடும்பத்திற்கு அந்த 8 வாரங்கள் எத்தகைய சுமை என்பதை உங்களுள் பலர் அறிவீர்கள்.

சிகிச்சைக்கு வந்து சேர்வதற்கு முன்னரே நோயாளி பல இடங்களைக் கடக்கிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை, மாவட்ட மருத்துவமனையில் திசுப் பரிசோதனை, அதன் அறிக்கை, ஸ்கேன், காப்பீட்டு ஒப்புதல் எனப் பாதை நீள்கிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் சிலர் நின்றுவிடுகின்றனர். எங்கே, ஏன் நிற்கின்றனர் என்பதைக் கண்டறிய உதவும் முறைகளுள் ஒன்று வலைப்பின்னல் பகுப்பாய்வு.

வரைபடம் சொல்வது என்ன?

மருத்துவமனைகளும் ஆய்வகங்களும் புள்ளிகளாகக் குறிக்கப்படுகின்றன. நோயாளிகள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் சென்ற வழிகள் கோடுகளாகின்றன. பெயர்கள் நீக்கப்பட்ட மருத்துவப் பதிவுகளே இதற்கு அடிப்படை. எத்தனை பேர் சென்றனர், எத்தனை நாள்கள் ஆயின என்பவை ஒவ்வொரு கோட்டிலும் பதிவாகும்.

இவ்வரைபடத்திடம் மூன்று கேள்விகள் கேட்கலாம்.

முதலாவது, எந்தப் புள்ளி செயலிழந்தால் மிகப் பலர் வழியற்றுப் போவர்? ஒரு மாவட்டம் முழுவதும் ஒரே நோய்க்குறியியல் மருத்துவரை நம்பியிருந்தால், அவர் விடுப்பில் செல்லும்போது அனைவருடைய அறிக்கையும் தாமதமாகும். அங்குத் தேவைப்படுவது மற்றோர் ஆய்வகத்துடன் மாற்று இணைப்பு.

இரண்டாவது, எந்தக் கோடு மெலிந்திருக்கிறது? பரிந்துரைச் சீட்டுப் பெற்றவர்களுள் சிலரே அடுத்த மருத்துவமனையை அடைந்தால், அவ்விடத்தில் தொலைபேசியில் தொடர்ந்து விசாரித்து வழிகாட்டும் பணியாளர் ஒருவர் வேண்டும்.

மூன்றாவது, எந்தப் பயணத்தைத் தவிர்க்கலாம்? கதிர்வீச்சு இயந்திரத்திற்குத் தடித்த கான்கிரீட் சுவருள்ள அறையும், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமமும், பயிற்சி பெற்ற மருத்துவ இயற்பியலாளரும் தேவை. ஆகவே அதனை எல்லா ஊர்களிலும் நிறுவ இயலாது. ஆனால் இரத்தப் பரிசோதனை, பலவகைக் கீமோதெரபி, வலிநிவாரணம், தொடர் கண்காணிப்பு ஆகியவற்றை வீட்டிற்கு அருகிலேயே வழங்க இயலும்.

ஒரே பெருநகரத்தில் எல்லாக் கோடுகளும் குவிவதைக் குறைக்கும் முயற்சிக்கு அசாம் ஓர் எடுத்துக்காட்டு. குவாஹாட்டியை நோக்கிய நெடும்பயணத்தைத் தவிர்க்க, அம்மாநில அரசும் டாட்டா அறக்கட்டளையும் இணைந்து மாவட்டங்களில் புற்றுநோய் மருத்துவமனைகளை அமைத்து வருகின்றன. 2022 ஏப்ரல் 28 அன்று அவற்றுள் 7 திறக்கப்பட்டன. மாவட்ட மருத்துவமனைகளில் பகல்நேரப் புற்றுநோய்ச் சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும் என 2025-26 ஆம் ஆண்டின் மத்திய நிதிநிலை அறிக்கையும் அறிவித்தது.

நீங்கள் செய்யக்கூடியவை

• திசுப் பரிசோதனை அறிக்கை, ஸ்கேன் படங்கள், மருந்துச் சீட்டுகள் அனைத்தையும் ஒரே கோப்பில் வைத்து, ஒவ்வொரு முறையும் எடுத்து வாருங்கள். திசுத் துண்டு பதித்த மெழுகுக் கட்டியும் கண்ணாடி வில்லைகளும் எங்குள்ளன என்று கேட்டு அறிந்து கொள்ளுங்கள்.

• உங்கள் ஊர், பயண நேரம், பேருந்து வசதி ஆகியவற்றை மருத்துவரிடம் கூறுங்கள். "இச்சிகிச்சையில் எப்பகுதியை எங்கள் ஊருக்கு அருகில் பெறலாம்?" எனத் தயங்காமல் கேளுங்கள்.

• சிகிச்சைக்காக ரயிலில் பயணம் செய்யும் புற்றுநோயாளிக்கும் உடன் வருபவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. அதற்குரிய சான்றிதழை மருத்துவமனையில் பெற்றுக்கொள்ளுங்கள்.

• வர இயலாத நிலை ஏற்பட்டால், அன்றே தொலைபேசியில் தெரிவியுங்கள். கதிர்வீச்சில் தவறிய நாளைப் பெரும்பாலும் ஈடுசெய்ய வழி உண்டு. எங்களுக்குத் தெரிந்தால்தான் அதனைச் செய்ய இயலும்.

பணமின்மையோ பயணச் சிரமமோ சிகிச்சையை இடையில் நிறுத்தக் காரணமாகிவிடக் கூடாது. அத்தகைய இடர் எழும்போது, நிறுத்துவதற்கு முன் எங்களிடம் சொல்லுங்கள்.