எண்ணப்படாதவர்கள் – 9: ரத்தம் கொடுத்தவர்களுக்குத் திரும்ப வந்தது என்ன?

சென்னையின் மேற்குப் புறநகரான சேக்காட்டிலிருந்து பைக்கில் கிளம்பி, ஆவடியைத் தாண்டித் திருமுல்லைவாயல் பக்கம் திரும்பினால் அரை மணிக்குள் அயப்பாக்கம் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பு வந்துவிடும். தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கீழ் இயங்கும் நிறுவனம். கொரோனா காலத்தில் அதன் பெயர் செய்திகளில் அடிபட்டது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே, தென்மாநிலங்களில் எச்.ஐ.வி எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று பார்க்கும் வேலையை அது செய்துவருகிறது.

அந்த நிறுவனத்தின் வேரே ஆவடியில்தான். தொழுநோய் ஆய்வுக்கான ஜால்மா நிறுவனத்தின் களப்பிரிவு ஆவடியில் இயங்கியது. அதையும் சென்னையிலிருந்த மருத்துவப் புள்ளியியல் ஆய்வு நிறுவனத்தையும் 1999-ல் இணைத்தபோது பிறந்ததுதான் இது. முதல் இயக்குநர் டாக்டர் எம்.டி. குப்தே. 1991-ல் தொடங்கிய தொழுநோய்த் தடுப்பூசி ஆய்வை நடத்தியவர் அவர். 1,71,000 பேருக்கு மேல் அதில் பங்கெடுத்தார்கள். ஊர் ஒதுக்கிவைத்த நோயாளியின் வாசலில் போய் நின்று பேசிப் பழகியவர்கள்தான் அடுத்து எச்.ஐ.வி பக்கம் வந்தார்கள். இது நல்ல தொடர்ச்சி என்றே நினைக்கிறேன்.

இந்தத் தொடரில் இதுவரை கணக்கில் விடுபட்டவர்களைப் பார்த்தோம். இந்த வாரம், ரத்தம் கொடுத்துக் கணக்கில் வந்தவர்கள்.

பாலியல் தொழில் செய்யும் பெண்களுக்கோ, ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களுக்கோ, திருநங்கைகளுக்கோ வீடு வீடாகப் போய் எடுத்த பட்டியல் எதுவும் இல்லை. பட்டியல் இல்லாதபோது யாரிடம் ரத்தம் கேட்பது? முதலில் இடங்களைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன் ஓரம், தியேட்டர், பூங்கா, நெடுஞ்சாலையில் லாரிகள் ஒதுங்கும் இடம். தரையில் சார்ட் பேப்பரை விரித்து, அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்களே ஸ்கெட்ச் பேனாவால் குறித்துக் கொடுப்பார்கள். இடம் மட்டும் போதாது, நேரமும் வேண்டும். ஆறு மணிக்கு வருபவர் வேறு, ஒன்பது மணிக்கு வருபவர் வேறு. செவ்வாய்க்கிழமை காலியாகக் கிடக்கும் இடத்தில் சனிக்கிழமை கூட்டம் நிற்கும். இடத்தையும் நேரத்தையும் சேர்த்து ஒரு கட்டமாக்கி, கட்டங்களைக் குலுக்கல் முறையில் எடுத்து, அங்கே அப்போது இருப்பவர்களிடம் சம்மதம் கேட்பார்கள். எந்த நிபுணராலும் மேஜையில் உட்கார்ந்தபடி அந்தச் சார்ட்டை வரைந்துவிட முடியாது.

பில் கேட்ஸ் அறக்கட்டளையின் ‘அவஹான்’ எச்.ஐ.வி தடுப்புத் திட்டம் 2003-ல் தொடங்கியது. தமிழ்நாட்டில் அதன் பலனை அளந்து பார்த்த பெரிய ஆய்வில் அயப்பாக்கம் நிறுவனத்துக்கு முக்கியப் பங்கு. ஒரு சுற்று முடிந்து சில ஆண்டுகள் கழித்து மறுசுற்று. ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள், திருநங்கைகள் பற்றிய முடிவுகள் 2013-ல் வெளிவந்தன. ஆணுறை பயன்பாடு கூடியிருந்தது. சிபிலிஸ் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. எச்.ஐ.வி விகிதம் மட்டும் பெரிதாக அசையவில்லை.

மேலோட்டமாகப் படித்தால் பாதித் தோல்வி என்று தோன்றும். அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. சிபிலிஸை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் ஒரு பென்சிலின் ஊசியில் குணமாகிவிடும். கிளினிக் ஒழுங்காக நடந்தால் ஓரிரு ஆண்டில் எண்ணிக்கை இறங்கும். எச்.ஐ.வி வந்தவர் வாழ்நாள் முழுக்க அதோடு இருக்கிறார். எச்.ஐ.வி.யை அடக்கிவைக்கும் கூட்டு மருந்து கிடைத்து அவர் நீண்ட காலம் வாழ்ந்தால், புதுத் தொற்று குறைந்த பிறகும் மொத்தக் கணக்கில் அவர் இருந்துகொண்டேதான் இருப்பார். இருக்கவும் வேண்டும். அந்த எண் இறங்கவில்லை என்பதில் உயிரோடு இருப்பவர்களும் சேர்த்திதான்.

இனி, ரத்தம் கொடுத்தவரின் பக்கமிருந்து பார்ப்போம்.

1986. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா, பாலியல் தொழிலுக்காகக் கைதாகி அரசு காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களிடம் ரத்தம் எடுத்தார். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி தெரிந்தது. இந்தியாவில் இந்தக் கிருமி இருக்கிறது என்பதற்குக் கிடைத்த முதல் சான்று அது. நாடு விழித்துக்கொண்டது அந்தப் பெண்களால்தான். ஆனால் எதற்கான சோதனை என்று அவர்களிடம் சொல்லப்படவில்லை. நிர்மலாவே பின்னாளில் பேட்டியில் இதைச் சொல்லியிருக்கிறார். அடுத்து நடந்தது அதைவிடக் கொடுமை. 1990-ஐ ஒட்டி, தொற்று இருப்பதாகத் தெரிந்த பெண்கள், தண்டனைக் காலம் முடிந்த பிறகும் காப்பகத்திலேயே அடைத்துவைக்கப்பட்டார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகே அவர்கள் வெளியே வந்தார்கள். நாட்டுக்கு எச்சரிக்கை கொடுத்தவர்களுக்கு நாடு கொடுத்தது பூட்டு.

சுனிதி சாலமன் வேறு வழியில் போனார். 1993-ல் ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தைத் தொடங்கினார். ஆய்வும் சிகிச்சையும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதிகளோடு நடந்த உலக ஆய்வு ஒன்றில் அந்த மையமும் ஓர் ஆய்வுக்களம். தம்பதியில் ஒருவருக்குத் தொற்று உண்டு, மற்றவருக்கு இல்லை. ஒரு பகுதியினருக்கு உடனே மருந்து. மறுபகுதியினருக்கு நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த பிறகு. உடனே மருந்து எடுத்தவர்களிடமிருந்து துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைந்தது என்று 2011-ல் தெரிந்ததும், ஆய்வு முடியும்வரை காத்திருக்காமல் முடிவை அறிவித்து எல்லோருக்கும் மருந்து தர முன்வந்தார்கள். கொடுத்தவருக்கு அவர் கொடுத்ததன் பலன் திரும்பி வந்தது. ஆய்வு என்றால் இப்படி இருக்க வேண்டும்.

கொடுத்தவருக்கு என்ன திரும்ப வந்தது என்ற கேள்விக்கு அரசுக் கண்காணிப்பில் இவ்வளவு எளிதாக விடை கிடைக்காது. பல ஆண்டுகள் அந்தக் கண்காணிப்பு நடந்த முறை இது: கர்ப்பிணிகளிடம் சிபிலிஸ் சோதனைக்கு எடுத்த ரத்தத்தில் மிச்சத்தைப் பெயரில்லாத குப்பிக்கு மாற்றி எச்.ஐ.வி பார்ப்பார்கள். யாருடையது என்று ஆய்வகத்துக்குத் தெரியாது; தெரிந்துகொள்ளவும் முடியாது. ரகசியம் காக்கவும், கணக்கு ஒருபக்கம் சாயாமல் இருக்கவும் செய்த ஏற்பாடு. தொற்று உள்ள பெண்ணுக்கு அந்தக் குப்பியிலிருந்து எந்தச் சேதியும் வராது. அவரே தனியாக, அரசின் எச்.ஐ.வி சோதனை மையமான நம்பிக்கை மையத்தில் சோதனை செய்துகொண்டால்தான் உண்டு. மருந்தே இல்லாத காலத்தில் இதற்கு நியாயம் சொல்ல முடிந்தது. 2004 ஏப்ரலில் தாம்பரம் சானடோரியம் உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்து வந்துவிட்டது. அந்த நாளோடு அந்த நியாயம் தளர்ந்துவிட்டது என்பது என் கருத்து.

மேற்குப் புறநகரில் இந்தக் கேள்விக்கு இப்போது புது அவசரம். அம்பத்தூர் எஸ்டேட்டில் இந்தியும் ஒடியாவும் பேசும் இளைஞர்கள் ஷிப்டு முடிந்து ஒரே அறையில் பலராகத் தங்குகிறார்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் லாரிகள் ஓய்வதில்லை. ஆள் சேரும் இடம் பூங்காவிலிருந்து செல்போனுக்கு மாறிவிட்டது. சார்ட் பேப்பரில் குறிக்க அங்கே தெருமுனை இல்லை. தொற்று வராமல் முன்கூட்டியே சாப்பிடும் ‘பிரெப்’ மாத்திரைக்குத் தேசிய வழிகாட்டுதல் 2022-ல் வந்தாயிற்று. அதைக் கேள்விப்படாத திருநங்கை ஆவடியில் இருந்தால் அது அவர் குற்றமில்லை.

எச்.ஐ.வி தொற்று உள்ளவர்களின் உரிமைகளைக் காக்கும் 2017-ம் ஆண்டுச் சட்டம் 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது, தொற்று இருக்கிறது என்று வேலையை விட்டு நீக்கக் கூடாது. நம்பிக்கை மையத்தில் சோதனை இலவசம். 1097 என்ற உதவி எண்ணுக்கு அழைத்தால் பெயர் சொல்லாமலே பேசலாம். இவை எல்லாம் இருக்கின்றன. இல்லாதது ஒன்று. அடுத்த சுற்றுக் கணக்கு முடிந்ததும், ஆங்கிலச் சஞ்சிகைக்கு அனுப்புவதற்கு முன், சார்ட் பேப்பரில் இடம் குறித்துக் கொடுத்தவர்களை ஆவடியில் ஒரு கூடத்துக்கு அழைத்து, அவர்கள் ரத்தம் என்ன சொன்னது என்று தமிழில் சொல்ல வேண்டும். மைக்கும் நாற்காலியும் போதும். அவர்கள் கேட்கும் கேள்விகளும் அறிக்கையில் அச்சாக வேண்டும்.

(தொடரும்)