மிதித்த தூரம் எங்கே போகிறது?

"ரிவர்ஸ் போட்டா கரகரன்னு கத்துது. ஃபர்ஸ்ட் கியரும் லேசுல விழ மாட்டேங்குது." கார் ஒர்க்‌ஷாப் வாசலில் அடிக்கடி கேட்கும் புகார் இது. பல இடங்களில் இதற்கு உடனடித் தீர்ப்பும் தயாராக இருக்கும்: "கிளட்ச் செட்டையே மாத்திடலாம் சார்." கியர்பாக்ஸை இறக்குவார்கள். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் புதிதாக ஏறும். வண்டியைத் தெருவுக்கு எடுத்தால், சில சமயம், அதே கரகர. கியர்பாக்ஸில் கை வைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு டார்ச் லைட்டும் ஓர் அளவுகோலும் போதும்.

கிளட்ச்சுக்கு வரும் நோய்களைப் பொதுவாக இரண்டு வகையில் அடக்கலாம். சேர வேண்டிய நேரத்தில் சேராமல் வழுக்குவது ஒன்று: எஞ்சின் இரைச்சல் ஏறும், வண்டி வேகம் ஏறாது. பிரிய வேண்டிய நேரத்தில் பிரியாமல் இழுப்பது மற்றொன்று. இரண்டும் எதிரெதிர் நோய்கள். பிளேட் தேய்ந்தால் வழுக்கும். தேய்ந்த ஒரே காரணத்துக்காக அது பிரிய மறுக்காது. எனவே இழுக்கும் கிளட்ச்சுக்கு முதல் வைத்தியமாகப் புது பிளேட் போடுவது தலைவலிக்குக் காலில் கட்டுப் போடுகிற வேலை.

உள்ளே நடப்பது இதுதான். எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட் முனையில் கனமான ஃப்ளைவீல் சுற்றுகிறது. அதன் தட்டையான முகத்தை ஒட்டி கிளட்ச் பிளேட். பிளேட்டின் நடுத்துளையில் உள்ள வரிப்பற்கள் கியர்பாக்ஸிலிருந்து நீண்டு வரும் ஷாஃப்ட்டின் வரிப்பற்களில் கோத்து நிற்கும். பிளேட் அதன் மேல் முன்னும் பின்னும் நழுவலாம். பின்னாலிருந்து பிரஷர் பிளேட் இதை ஃப்ளைவீலோடு நசுக்கிப் பிடிக்கிறது. நசுக்கும் விசையைத் தருவது டயஃப்ரம் ஸ்பிரிங்: ஆழமில்லாத தட்டு வடிவ எஃகு வில், உள்விளிம்பு விரல் விரலாக வெட்டப்பட்டிருக்கும். பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் அந்த விரல்களைத் தள்ளும். உள்பக்கம் அமுங்க, வெளிவிளிம்பு எதிர்த்திசையில் நகர்ந்து பிரஷர் பிளேட்டைப் பின்னுக்கு விடும். பிளேட் சுதந்திரமாகும்.

எவ்வளவு தூரம் பின்னுக்குப் போகிறது என்பதில்தான் சங்கதி இருக்கிறது. ஒரு சராசரிச் சிறிய காரை எடுத்துக்கொள்வோம். கால் பெடலைச் சுமார் 14 செ.மீ. தள்ளுகிறது. ரிலீஸ் பேரிங் நகர்வது 9 மி.மீ. அளவு. பிரஷர் பிளேட் விலகுவது சுமார் 1.8 மி.மீ.தான். கால் தரும் தூரத்தைக் கொடுத்து விசையை வாங்கும் நெம்புகோல் வியாபாரம் இது, வேறு வழியில்லை. அந்த 1.8லும் முழுதும் மிஞ்சாது. பிளேட்டின் இரண்டு உராய்வு முகங்களுக்கும் நடுவே அலை அலையாக வளைந்த மெல்லிய வில் தகடுகள் உண்டு. கிளட்ச் பிடிக்கும்போது வண்டி குலுங்காமல் இருக்க அவைதான் காரணம். அழுத்தம் நீங்கியதும் அவை விரிந்து ஏறக்குறைய 0.8 மி.மீ.யை விழுங்கிவிடும். மிச்சம் 1 மி.மீ. பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர்.

மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேருகிற கதைதான். வழியில் எங்கே உடைப்பு எடுத்தாலும் காய்வது கடைசி வயல். பெடலில் 3 செ.மீ. வீணானால், மேலே சொன்ன கணக்கின்படி, பிரஷர் பிளேட்டில் குறைவது 0.4 மி.மீ. கேட்க அற்பம், ஆனால் கையிலிருந்த மொத்த இடைவெளியே 1 மி.மீ. பிளேட் லேசாக நெளிந்தும் இருந்துவிட்டால் உரசல் நிற்காது. அந்த உரசல் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டைச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ரிவர்ஸ் கியர் முதலில் கத்துவதற்குக் காரணம் உண்டு. முன்னோக்கிய கியர்களில் சின்க்ரோமெஷ் வளையங்கள் இரு பக்க வேகத்தையும் சமப்படுத்திய பிறகே பற்களைச் சேர விடும். பல கார்களில் ரிவர்ஸுக்கு அந்த வசதி இல்லை. சுற்றும் பல்லும் நிற்கும் பல்லும் நேருக்கு நேர் மோதும். மற்ற கியர்கள் சத்தமில்லாமல் விழுகின்றனவே என்று காலத்தைத் தள்ளினால் அந்த வளையங்கள் தேயும். அப்புறம் செலவு கிளட்ச்சோடு நிற்காது.

முதல் சோதனை எளிது. எஞ்சினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். அப்போதும் இறுக்கம் என்றால் குற்றவாளி கியர் லீவர் இணைப்போ கியர்பாக்ஸோதான். அணைத்தால் வெண்ணெயாக விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் கிளட்ச் பிரியவில்லை. உறுதி செய்ய, சமதரையில் கிளட்ச்சை முழுதாக மிதித்து, சில விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். பொறுத்தால் சத்தம் வராமல் விழுகிறது என்றால் பெரிய குறையில்லை; ஷாஃப்ட் சுற்றி ஓய அந்த நேரம் வேண்டும். பொறுத்த பின்னும் கத்தினால் உரசல் தொடர்கிறது.

அடுத்து, குனிந்து பெடலுக்கு அடியில் பாருங்கள். வண்டியோடு வந்த மிதியடி, அதன் மேல் கடையில் வாங்கிய ரப்பர் மிதியடி, அதன் மேல் மழைக்கு விரித்த இன்னொன்று. இப்படி அடுக்கி, 2 செ.மீ. தூரத்தைத் தரையிலேயே தொலைத்த வண்டிகள் நம் ஊரில் ஏராளம்.

மாருதி 800 போன்ற கார்களில் பெடலையும், ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் நெம்புகோலான ஃபோர்க்கையும் இணைப்பது கேபிள். விரலால் பெடலை லேசாக அழுத்தினால் எதிர்ப்பில்லாமல் சற்று இறங்கும். அதுதான் ஃப்ரீ பிளே. பிளேட் தேயத் தேய இது குறையும், கேபிள் நீண்டால் கூடும். கூடிப்போனால் ஃபோர்க் முனையிலுள்ள நட்டைத் திருகி, வண்டியின் கையேடு சொல்லும் அளவுக்குக் கொண்டுவந்தாலே பல கார்கள் சரியாகிவிடும். திருகியும் சில நாளில் மறுபடி தளர்ந்தால், கேபிளின் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருக்கின்றன என்று பொருள். அதைத் திருகிக்கொண்டே இருப்பது நடுவழியில் நிற்க நாள் குறிப்பது.

ஹைட்ராலிக் கிளட்ச்சில் கேபிளின் வேலையை எண்ணெய் செய்கிறது. மாஸ்டர் சிலிண்டர் தள்ள, ஸ்லேவ் சிலிண்டர் ஃபோர்க்கை நகர்த்தும். எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும். குழாயில் கொஞ்சம் காற்று புகுந்தாலே காலின் தூரம் அதை நசுக்குவதில் செலவாகிவிடும். பெடலை இரண்டு மூன்று முறை அடித்து மிதித்த பிறகு கியர் நன்றாக விழுகிறதா? அப்படியானால் சந்தேகம் முழுக்க இங்கேதான். மிதித்துப் பிடித்திருக்கும்போது, வெளியே சொட்டுக்கூடக் கசியாத நிலையில், கியர் மெல்ல மெல்ல இறுகினால் மாஸ்டரின் உள் சீல் போய்விட்டது. பெடலுக்கு மேலே ஈரம் என்றால் அதன் பின் சீல். ஸ்லேவின் ரப்பர் உறையைத் தூக்கினால் எண்ணெய் வழிகிறது என்றால் அங்கே. பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே எண்ணெய்க் கிண்ணம். கிளட்ச் குழாயை மட்டும் சற்று உயரத்தில் வைத்திருப்பார்கள், கிளட்ச் பக்கம் கசிந்தாலும் பிரேக்குக்கு எண்ணெய் மிஞ்சட்டும் என்று. அருமையான யோசனை. இந்த எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், அந்த ஈரம் சிலிண்டர் சுவரை அரிக்கும், அரித்த சுவர் சீலைக் கிழிக்கும். எண்ணெயை மாற்றாமல் சீலை மட்டும் மாற்றுவதில் புண்ணியமில்லை.

இப்போது தீர்மானமான அளவு. ஒருவர் பெடலை முழுதாக மிதிக்க, இன்னொருவர் வெளியே ஃபோர்க் முனை எவ்வளவு நகர்கிறது என்று அளக்க வேண்டும். கையேடு சொல்லும் தூரம் வரவில்லை என்றால் பழுது வெளியேதான், கியர்பாக்ஸைத் தொடாதீர்கள். முழுத் தூரமும் வந்தும் கிளட்ச் பிரியவில்லை என்றால் மட்டுமே உள்ளே போக நியாயம் இருக்கிறது. ஸ்லேவ் சிலிண்டரே ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்து உள்ளே உட்கார்ந்திருக்கும் புது மாடல்களில் இந்தச் சௌகரியம் கிடையாது.

உள்ளே என்னென்ன இருக்கலாம்? விரிசல் விட்ட ஃபோர்க், அது சாய்ந்து ஆடும் தேய்ந்த குமிழ், உடைந்த டயஃப்ரம் விரல், துரு ஏறிப் பிளேட்டை நழுவ விடாத வரிப்பற்கள். வெள்ளத்தில் நின்ற கார்கள் தனி ரகம். 2015 டிசம்பரில் சென்னையில் மூழ்கியவை போல நனைந்து, பிறகு பல நாள் அசையாமல் கிடக்கும் வண்டியில் பிளேட் துருவோடு ஃப்ளைவீலில் ஒட்டிக்கொள்ளும். எஞ்சினைச் சூடாக்கி அணைத்து, இரண்டாம் கியரில், கிளட்ச்சை மிதித்தபடி ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலரேட்டரை விட்டு விட்டு அழுத்தினால் பலமுறை பிரிந்துவிடும். ஸ்டார்ட் ஆகும்போதே வண்டி பாயும் என்பதால் எதிரே சுவரும் ஆளும் இல்லாத திறந்த வெளி வேண்டும். பிரேக் நன்றாக இருக்க வேண்டும்.

புது செட் போட்டவுடன் இழுப்பு தொடங்கினால் பழியை உதிரிபாகத்தின் மேல் போடுவதற்கு முன் மாட்டிய விதத்தைக் கேளுங்கள். பிளேட்டுக்கு முன்பக்கம் பின்பக்கம் உண்டு. திருப்பி மாட்டினால் அதன் நடுப்புடைப்பு ஃப்ளைவீலின் போல்ட்டுகளில் இடித்து நிற்கும். இன்னொன்று, கியர்பாக்ஸை ஏற்றும்போது ஜாக்கி கொடுக்காமல், ஷாஃப்ட் நுழைந்ததும் கையை விட்டு அதன் முழு எடையையும் பிளேட்டில் தொங்க விடுவது. பிளேட்டின் நடுப்பகுதி அந்த நிமிடத்திலேயே நெளிந்துவிடும். பெட்டியிலிருந்து பிரித்த புதுப் பொருளை மறுபடி இறக்கி எறிய வேண்டியதுதான்.