உங்களுக்குத் தெரியுமா? காதைக் கெடுக்கும் மருந்தே கைகொடுக்கிறது!

ஜென்டாமைசின் உள்காதைக் கெடுக்கக்கூடிய ஆன்டிபயாடிக். உள்காதுக் கோளாறால் தலைசுற்றல் வரும் மெனியர் நோயாளிகள் சிலருக்கு அதையே செவிப்பறை வழியாக, வேண்டுமென்றே ஊசியில் செலுத்துகிறார்கள்!

● சமநிலையை உணரும் செல்கள் அதனால் செயலிழக்கின்றன. அந்தக் காது மூளைக்குத் தப்பும் தவறுமாகத் தகவல் அனுப்புவது குறைகிறது. பலருக்குத் தலைசுற்றல் அடங்குகிறது. மறுகாதை நம்பி நடக்க மூளை மெல்லப் பழகிக்கொள்ளும்.

● செவித்திறன் மேலும் குறையும் ஆபத்து உண்டு. எனவே இது முதல் சிகிச்சை அல்ல. வழக்கமாக உப்பைக் குறைக்கச் சொல்லித்தான் தொடங்குவார்கள். ஊறுகாய்ப் பிரியர்களுக்குத் திண்டாட்டம்தான்.

● விண்வெளி வீரர் ஆலன் ஷெப்பர்டுக்கும் இந்நோய் இருந்தது. 1968இல் காதில் அறுவை சிகிச்சை. 1971இல் நிலவில் நடந்தார். கோல்ஃப் பந்தும் அடித்தார்!