ஓட்டமும் உதவியும்

மாரத்தான் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீட்டர். திருப்பூருக்கும் கோவைக்கும் இடையேயுள்ள தொலைவில் பெரும்பகுதி அது. இவ்வளவு தூரம் ஒருவர் ஓடுவதால் புற்றுநோயாளியின் குடும்பத்திற்கு என்ன பயன் என்ற வினா எழலாம்.

கனடா நாட்டு இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ், 1977இல் புற்றுநோயால் வலக்காலை இழந்தவர். 1980இல் செயற்கைக் காலுடன் 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடிப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டினார். நோய் நுரையீரலுக்குப் பரவவே ஓட்டம் நின்றது, 1981இல் மறைந்தார். அவர் காட்டிய வழியில் இன்று பல நாடுகளில் மக்கள் ஓடுகின்றனர்.

நமக்கு அருகே கோவையிலும் கோயம்புத்தூர் கேன்சர் ஃபவுண்டேஷனின் பணிகளுக்காக 2013இல் மாரத்தான் தொடங்கப்பட்டது. இத்தகைய ஓட்டங்களில் பதிவுக் கட்டணமும் நன்கொடையும் சேர்ந்து, செலவு போக மிஞ்சுவதே நிதியாகிறது.

நம் ஊரில் இதன் தேவை யாது? பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு, தைத்தால்தான் சனிக்கிழமைச் சம்பளம். அவர் நோயுற்றால் அவர் கூலி நிற்கும். துணைக்கு மருத்துவமனை செல்பவரின் கூலியும் நிற்கும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைக்கு உதவுகிறது. வீட்டு வாடகையையும் மளிகைக் கடனையும் அது ஏற்பதில்லை.

ஓடுவோர் அணியும் பனியன் நம் ஊரில் தைத்ததாக இருக்கலாம். தைத்த கைகள் ஓயும்போது அவ்வீட்டில் அடுப்பெரியச் செய்வதும் ஓட்டத்தின் நோக்கமாதல் வேண்டுமன்றோ?