தந்தை சொன்ன ஏரிக்கு மோட்டார் சைக்கிள் பயணம்

தில்லி கரோல்பாகில் உள்ள மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடைகளுக்கு 2023 ஜூனில் சென்ற ராகுல் காந்தி, மெக்கானிக்குகளிடம் ஒரு குறையைச் சொன்னார். தம்மிடம் கேடிஎம் 390 வண்டி இருந்தும், பாதுகாப்பு அதிகாரிகள் ஓட்ட விடுவதில்லை என்பதே அது.

இரண்டே மாதங்களில் அக்குறை லடாக்கில் தீர்ந்தது. உலகின் மிக அழகிய இடங்களில் ஒன்று என்று தந்தை ராஜீவ் காந்தி கூறிவந்த பாங்காங் ஏரிக்கு, ஆகஸ்ட் 19-ஆம் தேதி அவரே வண்டியை ஓட்டிச் சென்றார். லே நகரிலிருந்து வழக்கமாகச் செல்லும் பாதை, 17,000 அடிக்கும் மேல் உயர்ந்த சாங் லா கணவாயைக் கடக்கிறது. மறுநாள் ராஜீவின் பிறந்த நாள். காங்கிரஸ் தலைவர்கள் தில்லி வீரபூமியில் கூட, மகன் ஏரிக்கரையில் தந்தையின் படத்துக்கு அஞ்சலி செலுத்தினார்.

அஞ்சலி எங்கே முடிந்து அரசியல் எங்கே தொடங்கியது என்று பிரிப்பது கடினம். மேய்ச்சல் நிலத்தைச் சீன ராணுவம் பறித்துவிட்டதாக உள்ளூர் மக்கள் கூறுகின்றனர் என்று அங்கேயே அவர் பேச, பாஜக கடுமையாக மறுத்தது. இரண்டு நாள் பயணமும் ஒரு வாரமாக நீண்டது. கார்கில் மலை மேம்பாட்டுக் கவுன்சில் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது.

முந்தைய ஆண்டு செப்டம்பர் 7-ஆம் தேதி கன்னியாகுமரியில் நடைப்பயணத்தைத் தொடங்கியபோதும், அன்று காலை அவர் முதலில் சென்றது ஸ்ரீபெரும்புதூருக்கு. 1991-இல் தந்தையை அங்கே பறிகொடுத்தபோது அவருக்கு வயது 20.